ஒட்டு மாங்கன்று வாங்கப் போறீங்களா? முதல்ல தாய் மரத்தைப் பாருங்க! ராஜபாளையம் சப்பட்டை மாம்பழத்துக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

விருதுநகர் மாவட்டம் ராஜபாளையம் அருகே உள்ள தளவாய்புரம் என்றதும் பலருக்கு நைட்டிதான் ஞாபகம் வரும். அங்கிருந்து மேற்கே சேத்தூர், தேவதானம் பக்கம் போனால் காட்சி மாறிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம் முழுக்க மாந்தோப்பும் தென்னந்தோப்பும்தான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் அடையாளமான 'சப்பட்டை', 'பஞ்சவர்ணம்' மாம்பழங்கள் இந்த அடிவாரத்தில் விளைபவை. சீசனில் இதை வாங்குவதற்கென்றே வெளியூரில் இருந்து ஆள் வருவதுண்டு.

சாப்பிட்டவர்கள் அடுத்து கேட்பது, "இந்தக் கன்று எங்க கிடைக்கும்?" என்றுதான். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கொட்டை போட்டா அதே பழம் வராதா?

பெரும்பாலும் வராது. இந்திய மா ரகங்களில் அதிகமானவை ஒற்றைக் கரு வகை. ஒரு கொட்டைக்குள் ஒரே ஒரு முளைக்கருதான் இருக்கும். பக்கத்து மரத்து மகரந்தமும் சேர்ந்து உருவான கரு அது. அப்பா, அம்மா இரண்டு பேர் குணமும் கலந்த பிள்ளை மாதிரி. சப்பட்டை கொட்டையில் முளைத்தது புளித்த நார்ப்பழம் தந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒளூர், வெள்ளைக்கொளம்பான் போன்ற சில மேற்குக் கடற்கரை ரகங்கள் இதற்கு விதிவிலக்கு. இவற்றின் கொட்டையில் பல முளைகள் வரும், அவற்றில் பெரும்பாலானவை தாய் மரத்தின் நகல்தான். அதனால்தான் இவற்றை வேர்ச்செடியாகப் பயன்படுத்துகிறார்கள்.

மற்ற ரகங்களை அச்சு அசலாகப் பெருக்க ஒரே வழி ஒட்டுக்கட்டுவது. நல்ல மரத்தில் இருந்து ஒரு குச்சியை வெட்டி, வேறொரு கன்றின் மேல் பொருத்துவது. குச்சி கொடுக்கும் மரம்தான் 'தாய் மரம்'. உத்தரப் பிரதேசத்தின் புகழ்பெற்ற தசேரி மாம்பழத்துக்கு லக்னோவை அடுத்த காக்கோரி அருகே தசேரி கிராமத்தில் உள்ள ஒரு முதிய மரமே மூலம் என்கிறார்கள். இங்கிலாந்தின் பிராம்லி ஆப்பிளும் அப்படித்தான். 1809-ல் ஒரு சிறுமி நட்ட விதையில் முளைத்த ஒற்றை மரத்தின் நகல்களே இன்று உலகெங்கும் உள்ள பிராம்லி மரங்கள். வயதாகி, பூஞ்சை நோயால் அந்த மரம் நலிந்தபோது, நாட்டிங்காம் பல்கலைக்கழகம் திசு வளர்ப்பு மூலம் அதன் நகல்களை உருவாக்கி வைத்தது.

தாய் மரத்துக்கு நோய் இருந்தா?

குச்சியோடு சேர்ந்து அதுவும் வரும். மா மரத்தில் நுனியில் இருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும் பின்கருகல் நோய்க்குக் காரணமான பூஞ்சை, பார்வைக்குப் பச்சையாக இருக்கும் குச்சிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஒரு மரத்தில் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் குச்சி எடுத்தால், அத்தனை தோட்டத்துக்கும் நோயை அனுப்பி வைத்த கணக்குதான்.

அதனால் பழத்துக்கு வளர்க்கும் மரத்தையும் குச்சிக்கு வளர்க்கும் மரத்தையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. பழ மரத்துக்குப் பூ வேண்டும். தாய் மரத்துக்குத் தளிர் வேண்டும். ஆண்டுதோறும் கவாத்து செய்து மரத்தைத் தாழ்வாகவே வைத்திருப்பார்கள். அப்போதுதான் கைக்கெட்டும் உயரத்தில், பென்சில் தடிமனில், திடமான புதுக்கிளைகள் வரும். 40 அடி உயர மரத்தின் உச்சியில் ஏறி ஒடித்து வரும் குச்சிக்கு இந்த வீரியம் இருக்காது. ஒருமுறை காய்த்துப் பார்த்து, ரகம் இதுதான் என்று உறுதி செய்த பிறகே தாய் மரமாகக் குறிக்க வேண்டும் என்பதும் முக்கியம். பல நர்சரிகள் கோட்டை விடுவது இதில்தான்.

மண் விஷயத்துக்கு வருவோம். மாவுக்கு ஆகாதது தேங்கும் தண்ணீர். வடிகால் இல்லாத இடத்தில் வேர் அழுகும், தளிர் நின்றுபோகும். 6 வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுஉரம், அதோடு தழைச்சத்து 1 கிலோ, மணிச்சத்து 1 கிலோ, சாம்பல் சத்து 1.5 கிலோ என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. செப்டம்பர், அக்டோபரில் போடுவது வழக்கம். தூரில் கொட்டினால் வீண். உறிஞ்சும் வேர்கள் இருப்பது வெளியே, கிளை நிழல் விழும் எல்லை வரை. தண்டில் இருந்து ஒன்றரை அடியாவது தள்ளி, அந்த நிழல் எல்லை வரை பரப்பி, மண்ணோடு கிளறிவிட வேண்டும்.

தண்டில் ஓட்டையும் கீழே மரத்தூளும் தெரிந்தால் தண்டு துளைப்பான் வந்துவிட்டது என்று அர்த்தம். கம்பியை விட்டுப் புழுவை வெளியே இழுத்துக் கொல்ல வேண்டும். தள்ளிப்போட்டால் மரமே போய்விடும். குச்சி வெட்டும் கத்தியை மரத்துக்கு மரம் துடைத்துச் சுத்தம் செய்வது சின்ன வேலைதான், பலரும் செய்வதில்லை.

குச்சியை நினைத்த நேரத்தில் வெட்டவும் முடியாது. 3, 4 மாத வயதுள்ள நுனிக்கிளையைத் தேர்ந்து, வெட்டுவதற்கு 7 முதல் 10 நாள் முன்பே இலைகளை மட்டும் கிள்ளிவிடுவார்கள், காம்பு நிற்கும். நுனி மொட்டு உப்பத் தொடங்கும்போது குச்சி தயார். 40 முதல் 60 நாள் வயதுக் கன்றின் இளந்தண்டைப் பிளந்து அதில் செருகிக் கட்டுவதுதான் இளந்தண்டு ஒட்டு. முன்பெல்லாம் நெருக்கு ஒட்டுதான். தொட்டிக் கன்றைத் தாய் மரத்துக்கே தூக்கிப்போய், கிளையோடு சேர்த்துக் கட்டி, இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வேலை அதிகம் என்றாலும் அதில் ஒரு வசதி இருந்தது. எந்த மரத்தின் பிள்ளை என்பது கண்ணெதிரே தெரிந்தது!

சப்பட்டைக்கு என்ன ஆபத்து?

பெரிய சந்தைக்கு ஓடும் ரகங்களுக்கு அரசுப் பண்ணைகளிலும் பெரிய நர்சரிகளிலும் தாய்த் தோட்டங்கள் உண்டு. உள்ளூர் ரகத்துக்கு விவசாயியின் தோப்பே தாய்த் தோட்டம். 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய இந்த அடிவாரத்தில், யானைகள் இறங்கி மாமரங்களை முறிப்பது அடிக்கடி வரும் செய்தி. முறிந்தது அந்த ஆண்டு விளைச்சல் மட்டும் என்றால் பரவாயில்லை. பல வருஷம் பார்த்துத் தேர்ந்த ஒரு நல்ல மரம் போனால், அதில் முன்கூட்டியே நாலு ஒட்டு எடுத்து வேறிடத்தில் நட்டு வைத்திருந்தால்தான் உண்டு. 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தில் விவசாயிகளே தங்கள் ரகத்தைப் பதிவு செய்ய வழி இருக்கிறது.

ஏமாந்தா யாரைக் கேட்பது?

ஒட்டு மா காய்க்கத் தொடங்க 3 முதல் 5 ஆண்டு ஆகும். தப்பான ரகம் என்று அப்போதுதான் தெரியும். நர்சரிக்காரர், "நான் கொடுத்தது இல்லை" என்று கைவிரித்தால்?

1966-ம் ஆண்டு விதைகள் சட்டப்படி, 'விதை' என்ற சொல்லில் உணவுப் பயிர்களின் ஒட்டுக்கன்றுகளும் அடங்கும். விற்பவருக்கு உரிமம் வேண்டும், வாங்குபவருக்கு ரசீது தர வேண்டும். ரகத்தின் பெயரையும் தேதியையும் ரசீதில் எழுதி வாங்குங்கள், அதைக் கன்று காய்க்கும் வரை பத்திரமாக வையுங்கள். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோர்தான், நுகர்வோர் மன்றத்தை அணுகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் ரசீது இல்லாமல் அங்கே போய் நிற்க முடியாது. வாங்கும்போதே, "தாய் மரம் எங்க இருக்கு, பார்க்கலாமா?" என்று கேட்டுவிடுவது நல்லது. உண்மையான ஒட்டுக்காரர் தோப்புக்கே கூட்டிப்போய்க் காட்டுவார்.

சரியான கன்று வாங்கியும் கெட்டுப்போவதும் நடக்கிறது. நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்குள் போகக் கூடாது, அரை அடி மேலே நிற்க வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதெல்லாம் வேர்ச்செடியின் கிளை. செழிப்பா வருதே என்று விட்டுவைத்தால், மேலே உள்ள சப்பட்டையை அமுக்கிவிட்டு அதுவே மரமாகிவிடும். பார்த்ததும் கிள்ளிவிடுங்கள்.