கவுண்டமணி – செந்தில்: காதால் சேர்ந்த ரசிகர்கள்

லாரல் – ஹார்டி ரசிகர்கள் 1965-ல நியூயார்க்கில் ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அதுக்கு அந்த ஜோடியோட 1933 படத்தின் பெயரையே வச்சாங்க: 'சன்ஸ் ஆஃப் தி டெசர்ட்'. ஒவ்வொரு ஊர்க் கிளைக்கும் 'கூடாரம்'னு பேர். சரி, நம்ம கவுண்டமணி – செந்திலுக்கு? ஏனாத்தூர்ல ஹீரோக்களுக்கு மன்றப் பலகை பார்த்திருக்கேன், இவங்களுக்குப் பார்த்ததில்லை. ஆனா வாழைப்பழ காமெடியை மனப்பாடமா சொல்லத் தெரியாத ஆளையும் பார்த்ததில்லை.

இந்த பக்தி கண்ணைவிடக் காது வழியா வளர்ந்ததுன்னு நினைக்கிறேன். அதுக்கு ஒரு காரணம் எழுத்து. அவங்க நகைச்சுவைப் பகுதிகளை எழுதினவர்ல முக்கியமானவர் ஏ. வீரப்பன், அவரும் ஒரு நடிகர். 'வைதேகி காத்திருந்தாள்' (1984) பெட்ரோமாக்ஸ் காட்சியையோ, 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழத்தையோ படத்துல இருந்து தனியா வெட்டி எடுத்தாலும் முழுசா நிக்கும். ரெண்டு குரல், ஒரு பொருள், ஒரு கேள்வி. கதையே தெரிய வேண்டாம்.

இன்னொரு காரணம் எங்க ஊர்த் தொழில். அப்பா சின்ன வயசுல ஏனாத்தூர்ல இருந்து பிள்ளையார்பாளையத்துக்குத் தறி வேலைக்குப் போவார். காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில கரையும் உடலும் வேற வேற நிறம். அதனால நெய்யுறவர் ஒருத்தர், பக்கத்துல உக்காந்து கரைக்கு நாடா தள்ள இன்னொருத்தர். அப்போ அந்த இன்னொருத்தர் பெரும்பாலும் சின்னப் பையனாத்தான் இருப்பார். கையும் கண்ணும் தறியில, காது மட்டும் சும்மா இருக்கும். ரேடியோ, அப்புறம் டேப் ரிக்கார்டர். வசனம் அப்படித்தான் அவருக்கு மனப்பாடம் ஆச்சு, படத்தைப் பார்த்ததெல்லாம் பல வருஷம் கழிச்சு.

நாடா தள்ள ஒரு நொடி தாமதமானா தலையில குட்டு விழும். இதை அவர் சிரிச்சுக்கிட்டே சொல்லுவார். எனக்குச் சிரிப்பு வராது. கவுண்டமணி உதைக்கிறதுக்கும், செந்திலோட நிறத்தையும் உருவத்தையும் திட்டுறதுக்கும் இப்ப எனக்கு முன்ன மாதிரி சிரிப்பு வரமாட்டேங்குது. "அடி வாங்குறவனைப் பார்த்து எப்படிப்பா சிரிச்சீங்க?"ன்னு கேட்டேன்.

"நாங்க எங்கடா அவனைப் பார்த்து சிரிச்சோம்? அண்ணன் முழிக்கிறாரே, அதுக்குத்தான் சிரிச்சோம்"னார்.

திரும்பிப் போய்ப் பார்த்தேன். சரிதான். பெட்ரோமாக்ஸ்ல கேள்வி கேக்குறது செந்தில், மேண்டில் உடைஞ்சு நஷ்டப்படுறது கடைக்காரர். வாழைப்பழத்துலயும் பேச்சுல ஜெயிக்கிறது செந்தில்தான். ரெண்டு பழம் வாங்கச் சொன்னேனே, ஒண்ணு இங்க இருக்கு, இன்னொண்ணு எங்கன்னு கேட்டா, அந்த இன்னொண்ணுதான் இதுங்கிறார். ஒரே பழத்தை ரெண்டு தடவை எண்ணுறது லாஜிக்ல ஓட்டைதான், கோட் எழுதுறவன் சொல்றேன், ஆனா செந்தில் அசர மாட்டார். பதில் இல்லாதவர்தான் கையை ஓங்குறார். அப்பா பதினாறு வயசுல, தறிக்குப் பக்கத்துல உக்காந்து, கேசட்டுல அதைத்தான் கேட்டிருக்கார்.

1993-ல சன் டிவி, 2009-ல ஆதித்யா, இப்ப மீம். எங்க ஆபீஸ் குரூப்ல தினமும் யாராவது கவுண்டமணி முகத்தைப் போடுறாங்க. ஆனா மீம்ல குரல் இல்ல.

அதனால இந்த எபிசோடுக்காக அப்பாவை மைக் முன்னாடி உக்கார வச்சேன். வாழைப்பழத்தை ரெண்டு குரல்லயும் அவரே பேசினார். எடிட்டிங்ல பார்த்தா, கவுண்டமணி வர்ற இடத்துல அலை உச்சிக்குப் போகுது, செந்தில் வர்ற இடம் சின்னக் கோடு. வழக்கமா ரெண்டையும் சமமாக்கிடுவேன். இதைத் தொடல. வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வச்சுக் கேளுங்க.