ராம் கூட்டினால் 'மெமரி போதவில்லை': விண்டோஸ் 98-இன் பழைய புதிர்

கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கா, ராம் வாங்கிப் போடு. தொண்ணூறுகளின் கடைசியில் எல்லோரும் சொன்ன வைத்தியம் இதுதான், பெரும்பாலும் பலிக்கவும் செய்தது. ஆனால் விண்டோஸ் 98 மெஷினில் 512 எம்பியைத் தாண்டி ராம் போட்ட சிலருக்கு வேறு அனுபவம். விண்டோஸைத் தொடங்கவே மெமரி போதவில்லை என்று திரையில் செய்தி. சில மெஷின்களில் விண்டோஸ் வந்துவிடும், டாஸ் விண்டோவைத் திறந்தால் அங்கே அதே புலம்பல்.

புது ராமைக் கழற்றினால் எல்லாம் சரியாகிவிடும். அப்போ ராம்தானே பழுது? அப்படித்தான் யாருக்கும் தோன்றும். மாற்றி வேறு ராம் போட்டாலும் அதே கதை என்பதுதான் கொடுமை.

குற்றவாளி விகேஷ் என்ற டிரைவர். ஹார்ட் டிஸ்க் மெதுவானது, அதனால் படித்ததை மெமரியில் கொஞ்சம் வைத்துக்கொள்ள வேண்டும். டாஸ் காலத்தில் ஸ்மார்ட்டிரைவ் இந்த வேலையைச் செய்தது. எவ்வளவு மெமரி என்று நாமேதான் எழுதிக் கொடுக்கணும். விண்டோஸ் 95-இல் விகேஷ் அந்தத் தொல்லையை ஒழித்தது, தேவைக்கேற்பத் தானே வளரும், சுருங்கும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் வளர வேண்டுமென்றால் அதற்கு முகவரிகள் கையில் இருக்கணும். ஆகவே விகேஷ் தொடங்கும்போதே ராம் எவ்வளவு என்று பார்த்து, அதிகபட்சம் எதுவரை வளரலாமோ அவ்வளவுக்கும் முகவரிகளை முன்பதிவு செய்துவிடும். 32 பிட்டில் மொத்த முகவரிகள் 4 ஜிபி. அதில் 3 ஜிபியிலிருந்து 4 ஜிபி வரையிலான கடைசிப் பகுதி, அதாவது சிஸ்டம் அரீனா, விண்டோஸின் சொந்த உபயோகத்துக்கு. விகேஷ் கை வைப்பதும் அங்கேதான். ராம் அதிகமாக ஆக, அது பிடித்துவைக்கும் முகவரியும் அதிகம். கடைசியில் மற்றவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. வீடுகள் காலியாகக் கிடக்கின்றன, ஆனால் கதவு எண்கள் தீர்ந்துவிட்டன!

இதில் ஏஜிபி கிராபிக்ஸ் கார்டு வேறு. அதன் அபர்ச்சருக்கும் இதே பகுதியில்தான் இடம். விகேஷ் 800 எம்பியும் அபர்ச்சர் 128 எம்பியும் எடுத்துக்கொண்டால், 1024-இல் மீதி 96. ஒரே அளவு ராம் இருந்தும் ஒரு மெஷின் ஓடும், பக்கத்து மெஷின் படுத்துக்கொள்ளும் என்பதற்கு இது ஒரு காரணம்.

மருந்து ஒரே வரி. சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் விகேஷ் பகுதியில் மேக்ஸ்ஃபைல்கேஷ் மதிப்பை 524288 என்று கொடுத்தால் போதும். கணக்கு கேபியில், அதாவது 512 எம்பி. அதைவிடக் குறைத்தும் வைக்கலாம். விண்டோஸ் வராவிட்டால் டாஸில் பூட் செய்து எடிட் புரோகிராமில் திருத்தலாம். போட்ட ராமைக் கழற்றவே வேண்டாம்.

விண்டோஸ் 95-ஐ எழுதியவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. 4 எம்பி ராமிலும் ஓடும் என்று சொல்லி 1995-இல் விற்ற சரக்கு அது. 512 எம்பி அவர்களுக்குக் கனவு. ஆனால் 2000-இல் வந்த விண்டோஸ் மீ-யிலும் இதே கோளாறு தொடர்ந்ததற்கு அந்தச் சாக்கு செல்லாது. மைக்ரோசாஃப்ட் இதற்குச் சொன்ன மாற்று வழிகளில் ஒன்று என்ன தெரியுமா? ராமை 512 எம்பிக்கோ அதற்குக் கீழேயோ குறைத்துவிடுங்கள் என்பது.