குவளை யார் கையில்? படைப்புத் தொழிலகங்களில் மதுக்கூடம்: லண்டனை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

விளம்பர நிறுவனத்துக்குள்ளும் அனிமேஷன் ஸ்டூடியோவுக்குள்ளும் பார் இருப்பதை, கலிபோர்னியாவின் கணினி நிறுவனங்கள் கொண்டுவந்த புது நாகரிகமாகவே பார்க்கிறோம். அச்சுத்தொழிலின் வரலாற்றைப் புரட்டினால் இந்தக் கருத்து நிற்காது. படைப்புத் தொழில் நடக்கும் இடத்தில் மது பல நூற்றாண்டுகளாகவே இருந்துவந்திருக்கிறது. மாறியவர்கள், அதற்குப் பணம் கொடுப்பவரும், அங்கே யார் நிற்கலாம் என்று முடிவு செய்பவரும்தான். இவ்விரு மாற்றங்களையும் லண்டன் நகரத்தை மையமாக வைத்துத் தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1725–26 காலத்தில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனில் ஜான் வாட்ஸ் என்பவரின் அச்சகத்தில் வேலை பார்த்தார். அப்போது அவருக்கு வயது இருபதுக்கு முன்பின். ஏறத்தாழ 50 பேர் வேலை செய்த பெரிய அச்சகம் அது. அங்கே கண்டதைத் தம் தன்வரலாற்றில் விரிவாகவே எழுதியிருக்கிறார். அச்சு இயந்திரத்தில் அவரோடு நின்றவர் காலை உணவுக்கு முன் ஒன்று, உணவோடு ஒன்று, பிறகு ஒன்று என நாளொன்றுக்கு 6 பைன்ட் பீர் குடித்தார். அதாவது சுமார் மூன்றரை லிட்டர். ஆட்களுக்கு பீர் கொண்டுவந்து கொடுக்கவென்றே மதுக்கடைப் பையன் ஒருவன் எந்நேரமும் அச்சகத்தில் இருந்தான். கடன் கணக்கு சனிக்கிழமை இரவு கூலியிலிருந்து தீர்க்கப்பட்டது. வாரம் நான்கைந்து ஷில்லிங் அதற்கே போனது. கனமான வேலைக்குக் கனமான பீர் வேண்டும் என்பது தொழிலாளிகளின் நம்பிக்கை. தண்ணீர் மட்டுமே குடித்த ஃபிராங்க்ளின், மற்றவர்கள் இரு கைகளாலும் தூக்கிய எழுத்துச் சட்டத்தைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். அவருக்குத் 'தண்ணீர் அமெரிக்கர்' என்று பெயர் வைத்தார்கள்.

இதைவிட நமக்கு முக்கியமானது அடுத்து நடந்தது. எழுத்துக் கோக்கும் அறைக்கு அவர் மாற்றப்பட்டதும், புதிதாக வருபவர் மது வாங்கித்தர வேண்டும் என்று அங்கிருந்தவர்கள் 5 ஷில்லிங் கேட்டார்கள். இயந்திர அறையில் ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று இவர் மறுத்தார். முதலாளி வாட்ஸும் கொடுக்க வேண்டாம் என்றார். பிறகு ஃபிராங்க்ளின் சற்று வெளியே போய்வரும்போதெல்லாம் அவருடைய அச்செழுத்துகள் கலந்து கிடந்தன. பக்கங்கள் இடம் மாறிக் கிடந்தன. கேட்டால், தொழிலாளர் சங்கத்தில் முறைப்படி சேராதவரை அச்சகத்துப் பேய் பிடித்து ஆட்டுகிறது என்றார்கள். இரண்டு மூன்று வாரம் தாக்குப்பிடித்துவிட்டுப் பணத்தைக் கட்டினார். முதலாளியின் சொல் அங்கே எடுபடவில்லை. அந்த மது தொழிலாளிகளின் உடைமை. உள்ளே யார், வெளியே யார் என்பதைத் தீர்மானித்தவர்களும் அவர்களே. இதைத் தோழமை என்று மட்டும் புகழ முடியாது. அது ஒரு வரி. கட்டாதவருக்குத் தண்டனையும் இருந்தது.

அடுத்த நூற்றாண்டின் தொழிற்சாலை ஒழுங்கு இந்த வழக்கத்தை மெல்ல மெல்ல வெளியே தள்ளியது. மதுக்கடையில் வைத்துக் கூலி கொடுப்பதை 1883-இல் பிரிட்டன் சட்டம் போட்டே தடுத்தது. முதல் உலகப் போரின்போது, வெடிமருந்துத் தொழிலாளிகள் பகலில் குடிப்பதைக் குறைக்க, மதுக்கடைகள் பிற்பகலில் மூடியிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. போர் முடிந்தும் அந்த விதி போகவில்லை. இங்கிலாந்தில் 1988 வரை நீடித்தது. ஓவியரும் எழுத்தாளரும் நடிகரும் பிற்பகலில் எங்கே போவது? உறுப்பினர் மன்றங்களுக்குத் தம் நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருந்தது. அந்த இடைவெளியில் முளைத்ததுதான் மியூரியல் பெல்ச்சர் 1948-இல் சோஹோவின் டீன் தெருவில் தொடங்கிய காலனி ரூம் கிளப். ஆட்களை அழைத்துவருவதற்காக ஓவியர் பிரான்சிஸ் பேக்கனுக்கு வாரம் 10 பவுண்டும் இலவச மதுவும் கொடுத்தார் பெல்ச்சர். படைப்பாளியின் பெயரை வைத்துக் கூட்டம் சேர்க்கும் உத்தி அப்போதே வந்துவிட்டது. பிபிசியின் ஊழியர் மன்றம் இன்னொரு வகை. 1924-இல் தொடங்கிய அந்த மன்றத்தின் மதுக்கூடம், பின்னாளில் தொலைக்காட்சி நிலையத்துக்குள்ளேயே இயங்கியது. நிறுவன வளாகத்துக்குள் இருந்தாலும் பெயரளவிலாவது அது ஊழியர்களுடையது.

மதுக்கூடம் ஓய்வெடுக்கும் இடமா, தொழில் நடக்கும் இடமா என்ற கேள்வியை நீதிமன்றமே எதிர்கொண்ட வழக்கு ஒன்று உண்டு. செய்தித்தாள் அலுவலகங்கள் நிறைந்த ஃப்ளீட் தெருவில் எல் வினோ என்ற ஒயின் கடை இருந்தது. பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் நாள்தோறும் அங்கே குழுமுவார்கள். பெண்களுக்குக் கவுன்ட்டரில் ஒயின் தரமாட்டார்கள். பின்னறை மேசையில் உட்கார்ந்தால் கொண்டுவந்து தருவார்கள். பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வழக்குரைஞர் டெஸ் கில், பத்திரிகையாளர் அன்னா கூட் ஆகிய இருவரும் வழக்குத் தொடுத்தார்கள். கீழ் நீதிமன்றத்தில் தோற்றவர்கள் 1982-இல் மேல்முறையீட்டில் வென்றார்கள். நீதிபதிகள் ஒயினின் தரத்தையோ நாற்காலியின் வசதியையோ அளக்கவில்லை. நின்று பேசும் கூட்டத்தில்தான் அன்றைய சேதி புழங்குகிறது, மேசைக்கு ஒதுக்கப்படும் பத்திரிகையாளருக்கு அது கிட்டாமல் போகிறது என்ற நோக்கில் பார்த்தார்கள். பணியிட மதுக்கூடத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் கூர்மையான பக்கங்கள் கட்டடக்கலை நூல்களில் இல்லை, இந்தத் தீர்ப்பில் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

மதுக்கூடம் வெளியிலிருந்து அலுவலகத்துக்குள் வந்த மாற்றத்துக்கு அமெரிக்காவில் வரிச் சட்டமும் ஒரு தூண்டுதல் என்று கருத இடமுண்டு. நியூயார்க்கின் மேடிசன் அவென்யூ விளம்பரக்காரர்களின் மார்டினி மதிய விருந்து பெயர்பெற்றது. அதன் செலவுக்குக் கிடைத்த வரிச்சலுகையை 1976 தேர்தலில் ஜிம்மி கார்ட்டர் சாடினார். 1986 சட்டம் தொழில்முறை விருந்துச் செலவில் 80 விழுக்காட்டை மட்டுமே கழிக்க அனுமதித்தது. 1993 சட்டம் அதை 50 ஆக்கியது. வெளியே விருந்து வைப்பது செலவேறிய காரியமானது.

லண்டனில் சாட்சி அண்ட் சாட்சி விளம்பர நிறுவனம் சார்லட் தெரு அலுவலகத்துக்குள் தனக்கென்றே ஒரு மதுக்கூடத்தை வைத்திருந்தது. அதன் பெயர் 'கர்ப்பிணி ஆண்'. 1970-இல், கருத்தடையில் ஆண்களுக்கும் பொறுப்புண்டு என்று சொல்ல, வயிறு பெருத்த ஆணைக் காட்டி உருவான சுகாதாரச் சுவரொட்டிதான் அந்தப் பெயருக்கு மூலம். அந்த நிறுவனம் பிறப்பதற்குச் சற்றுமுன் அதன் முன்னோடிக் குழு செய்த வேலை அது. அதாவது நிறுவனத்தின் சொந்தப் புகழே மதுக்கூடத்தின் பெயர்ப்பலகை ஆயிற்று. ஊழியர் குடிக்கும் இடம் வாடிக்கையாளருக்குக் காட்டும் இடமாகவும் ஆகிவிடுகிறது.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு சம்பவம் உண்டு. கலிபோர்னியாவின் எமரிவில்லில் 2000-இல் திறந்த பிக்ஸார் அனிமேஷன் நிறுவனக் கட்டடத்தில், ஆண்ட்ரூ கோர்டன் என்ற அனிமேட்டர் தம் அறைச் சுவரில் இருந்த சிறு கதவைத் திறந்து பார்த்தார். காற்றோட்டக் குழாய்களைப் பராமரிக்க விட்டிருந்த குறுகிய வழி அது. வண்ண விளக்குத் தொடரும் விலங்குத்தோல் வடிவத் துணிகளும் மது பாட்டில்களுமாக அதை ஒளிவு பார் ஆக்கினார். தவழ்ந்துதான் போக வேண்டும். நிறுவனத்தின் முதலாளி ஸ்டீவ் ஜாப்ஸே விருந்தினர்களை உள்ளே அழைத்துப்போய்ச் சுவரில் கையெழுத்திட வைத்தார். ஊழியர் தாமாகச் செய்துகொண்டதை நிர்வாகம் ரசித்து ஏற்றது. ஆனால் முதலாளியே விருந்தினர்களை அழைத்துவந்து காட்டியபின் அதை ஒளிவிடம் என்று எப்படிச் சொல்வது?

கடைசிக் கட்டம் வீவொர்க். 2010-இல் தொடங்கிய இந்தக் கூட்டுப் பணியிட நிறுவனத்தில் பீர் வாடகையோடு சேர்ந்த சேவையாகவே வந்தது. 2018-இல் நியூயார்க்கில் நாளொன்றுக்கு ஆளுக்கு 4 கோப்பை என்று வரம்பு விதித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, லாயிட்ஸ் ஆஃப் லண்டன் காப்பீட்டுச் சந்தை தன் ஊழியர்கள் காலை 9 முதல் மாலை 5 வரை குடிக்கக் கூடாது என்று தடை போட்டது. காப்பியகத்தில் பிறந்த நிறுவனம் அது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கொடுப்பதும் அளப்பதும் தடுப்பதும் ஒரே கைக்கு வந்துவிட்டன என்பதே இந்த வரலாறு காட்டும் திசை. ஊழியர் இன்று ஃபிராங்க்ளின் கட்டியது போன்ற மது வரியும் கட்டுவதில்லை, யார் உள்ளே வரலாம் என்பதில் அவருக்குச் சொல்லும் இல்லை. இந்தியாவில் ஹரியானா அரசின் 2023–24 ஆயத்தீர்வைக் கொள்கை இந்தப் போக்கைச் சட்டமாகவே எழுதியது. அலுவலக வளாகத்தில் பீர், ஒயின் போன்ற குறைந்த ஆல்கஹால் பானங்களைப் பரிமாற உரிமம் தர அது முன்வந்தது. நிபந்தனை, குறைந்தது 5,000 ஊழியர்களும் 1 லட்சம் சதுர அடிப் பரப்பும். பத்துப் பேர் வேலை செய்யும் ஸ்டூடியோ அந்த விதிக்குள் வரவில்லை.