கலிலியோவின் சாய்தளமும் காணாமற்போன சத்தியும்

சாய்தளத்தில் வழுக்கும் மரக்கட்டையின் கணக்கு பௌதிகவியல் மாணவர் யாவரும் அறிந்ததே. புவியீர்ப்புச் செய்த வேலையிலிருந்து உராய்வுக்கெதிரான வேலையைக் கழித்தால் எஞ்சுவது இயக்கப்பண்புச் சத்தி. இரு வரிகளில் முடியும் இக்கணக்கைக் கலிலியோவாற் செய்திருக்க இயலாது. ‘வேலை’ என்பதற்கு இன்றைய பொருளை வரையறுத்து, திணிவையும் வேகவர்க்கத்தையும் பெருக்கி அதன் அரைவாசியைக் கணியமாகக் கொண்டவர் கொரியோலிசு, ஆண்டு 1829.

1638இல் வெளிவந்த ‘இரு புதிய விஞ்ஞானங்கள்’ என்னும் நூலிலே கலிலியோ தமது பரிசோதனையை விவரிக்கின்றார். ஏறத்தாழ 12 முழ நீள மரத்தில் ஒரு தவாளிப்பு. அதனுள் மெருகிட்ட தோற்றாள். அதன்மீது உருளும் வெண்கலக் குண்டு. ஒழுகிச் சேர்ந்த நீரை நிறுத்து நேரத்தை அளந்தாராம். இத்தகைய கருவிகளால் நுண்ணிய முடிபுகள் கிட்டுமா என 1953இல் எள்ளினார் பிரான்சிய வரலாற்றாசிரியர் கொய்ரே. 1961இல் தோமஸ் செற்றில் அப்பரிசோதனையை மீளச் செய்து, கிட்டும் எனக் காட்டினார். எனினும், செய்யத்தக்கது என்பது வேறு. கலிலியோ செய்தார் என்பது வேறு.

இவ்விடத்திலேதான் 1973இல் ஸ்ரில்மன் டிரேக் வெளியிட்ட கையெழுத்துத்தாள் முக்கியம் பெறுகின்றது. அது 1608ஆம் ஆண்டளவினது. சாய்தளத்தில் உருண்டுவந்த குண்டு, 828 புந்தோ உயர மேசையிலிருந்து கிடையாகப் பாய்ந்து நிலத்தில் வீழ்ந்த தூரங்கள் அதிலுள்ளன. (ஒரு புந்தோ ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்.) 300 புந்தோ உயரத்திலிருந்து விடப்பட்ட குண்டு சென்ற தூரம் 800. உராய்வற்ற தளத்தில் வழுக்கியிருப்பின், இன்றைய கணிப்புப்படி 997 சென்றிருக்கும். எஞ்சியது எங்கே? உராய்வின்றிக் குண்டு உருளாது. வழுக்காது உருளும்போது அவ்வுராய்வு சத்தியை விழுங்குவதில்லை; பங்கிடுகின்றது. தட்டையான தளத்தில் ஏழில் இரு பங்கு சுழற்சிக்குச் செல்ல, தூரம் 842 ஆகும். தவாளிப்பின் விளிம்புகளில் உருண்டால் சுழற்சியின் பங்கு மேலும் கூடும். ஆகவே 800 வியப்பன்று.

சுழற்சிச் சத்தியைப் பற்றிய கோட்பாடு எதுவும் அக்காலத்தில் இல்லை. மேசையருகே அமர்ந்து எண்களைப் புனைபவன் 800ஐப் புனைந்திருக்க மாட்டான் என்பதே எமது துணிபு. முதலளவான 800ஐயே அடிப்படையாகக் கொண்டு கலிலியோ ஏனையவற்றைக் கணித்தமையால், எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் ஏற்பட்ட குறைவு அவருக்குப் புலப்படவில்லை. 600 புந்தோ உயரத்துக்குக் கணிப்பு 1131, அளந்தது 1172. 1000 புந்தோவுக்குக் கணிப்பு 1460, அளந்தது 1500. அந்த 40 புந்தோ வேறுபாட்டையும் அவர் அத்தாளிலேயே குறித்துவைத்துள்ளார்.