ஐஸ்லாந்தும் கால்பந்தாட்டமும்

ஒரு நாட்டின் வரலாற்றைப் படிக்கும்போது, அரசர்களின் ஆட்சிக் காலங்களையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் முதலில் நினைவில் வைக்கிறோம். அது முறையே. ஆயினும் அந்நாட்டு மக்கள் எதைக் கண்டு மகிழ்ந்தார்கள், எதனால் தலைகுனிந்தார்கள், தலைகுனிந்த பின்னர் என்ன செய்தார்கள் என்பனவும் வரலாற்றின் பகுதிகளே. அவற்றை அறிய விளையாட்டு நல்லதொரு வாயில். மாணவர்களே, ஐஸ்லாந்து என்னும் சிறு நாட்டின் கால்பந்தாட்டக் குழு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில் கடந்து வந்த வழியை இந்தப் பேச்சில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஐரோப்பாவின் வடமேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிக் கிடக்கும் தீவு ஐஸ்லாந்து. அதன் பரப்பு ஏறத்தாழ 1,03,000 சதுரக் கிலோமீட்டர். நிலம் அகன்றது, மக்கள் மிகச் சிலர். 2016ஆம் ஆண்டில் அந்நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ 3,30,000. நிலத்தில் பத்தில் ஒரு பங்கை உறைபனி மூடியிருக்கிறது. எரிமலைகளும் வெந்நீர் ஊற்றுகளும் நிறைந்த மண் அது. மாரிக் காலத்தில் தலைநகரான ரெய்க்கியவிக்கில் கதிரவன் நான்கைந்து மணி நேரமே முகம் காட்டுவான். காற்றோ ஓயாது வீசும். திறந்த வெளியில் பந்து விளையாட இதைவிடத் தகாத நாட்டை எண்ணிப் பார்ப்பது கடினம்.

ஒன்பதாம் நூற்றாண்டில் நார்வே நாட்டிலிருந்து வந்தோர் அங்குக் குடியேறினர். 930ஆம் ஆண்டிலேயே 'ஆல்திங்' என்னும் மக்கள் மன்றத்தை அவர்கள் அமைத்தார்கள். பின்னர் நார்வே அரசருக்கும், அதன்பின் டென்மார்க் அரசருக்கும் அந்நாடு அடங்கியது. 1918இல் தன்னாட்சி பெற்ற நாடாயிற்று. ஆயினும் அரசர் டென்மார்க் அரசரே. 1944 ஜூன் 17ஆம் நாள் ஐஸ்லாந்து தன்னைக் குடியரசு என்று அறிவித்துக்கொண்டது. இந்தப் பின்னணி தெரிந்தால்தான் நான் சொல்லப்போகும் இரண்டு ஆட்டங்களின் பொருள் விளங்கும்.

குடியரசு தோன்றி இரண்டே ஆண்டுகள் கழிந்த பின், 1946 ஜூலை 17இல், ஐஸ்லாந்து தன் முதல் அனைத்துலக ஆட்டத்தை ரெய்க்கியவிக்கில் ஆடியது. எதிர்த்து நின்றது டென்மார்க். நேற்று வரை ஆண்டவரோடு இன்று சமமாக நின்று ஆடுகிறோம் என்ற பெருமிதம் மக்களுக்கு இருந்திருக்கும். ஆட்டம் 0-3 என்ற கணக்கில் தோல்வியில் முடிந்தது. அடுத்த ஆண்டு நாட்டின் கால்பந்துச் சங்கம் நிறுவப்பட்டது. 1948இல் பின்லாந்தை 2-0 என்று வென்று, ஐஸ்லாந்து முதல் வெற்றியைக் கண்டது. 1951இல் சுவீடனை 4-3 என்று வென்றபோது நான்கு கோல்களையும் ரிக்கார்துர் யோன்சன் என்ற ஒருவரே அடித்தார். அந்தத் தொடக்கக் காலத்தின் மற்றொரு பெயர் ஆல்பர்ட் குட்முண்ட்சன். அயல்நாடுகளில் ஊதியம் பெற்று ஆடிய முதல் ஐஸ்லாந்து வீரர் அவர். பிற்காலத்தில் தம் நாட்டின் நிதியமைச்சராகவும் விளங்கினார்.

இவை சில இனிய நாட்கள். பெரும்பாலான நாட்கள் அவ்வாறு அமையவில்லை. 1958ஆம் ஆண்டின் உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் முதன்முறையாகக் கலந்துகொண்ட ஐஸ்லாந்து, பிரான்சோடும் பெல்ஜியத்தோடும் ஆடிய நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. அடித்த கோல்கள் 6; வாங்கியவை 26. அதன்பின் 1974ஆம் ஆண்டின் கோப்பைக்கான சுற்று வரை அப்போட்டியில் அந்நாடு கலந்துகொள்ளவே இல்லை.

1967 ஆகஸ்ட் 23ஆம் நாள் நிகழ்ந்ததை ஐஸ்லாந்து மக்கள் இன்னும் மறக்கவில்லை. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் நடந்த ஆட்டத்தில் ஐஸ்லாந்து 14-2 என்ற கணக்கில் தோற்றது. கால்பந்தாட்டத்தில் மூன்று கோல் வேறுபாடே பெருந்தோல்வி எனப்படும்; இங்கு வேறுபாடு பன்னிரண்டு. அதுவும் முன்னாள் ஆட்சியாளரின் தலைநகரில்! 'பதினான்குக்கு இரண்டு' என்பது ஆறாத தழும்பின் பெயராகவே அந்நாட்டில் நிலைத்துவிட்டது.

தழும்பு பெற்றவர்கள் செய்யக்கூடியவை மூன்று. பழியைப் பிறர் மேல் போடலாம், விளையாட்டையே கைவிடலாம், அல்லது குறை எங்கே இருக்கிறது என்று ஆராயலாம். ஐஸ்லாந்து மூன்றாவது வழியில் சென்றது. ஆனால் மிக மெதுவாகச் சென்றது. இடையிடையே வியக்கத்தக்க சில நாட்கள் வந்தன. 1975இல் கிழக்கு ஜெர்மனியை ரெய்க்கியவிக்கில் 2-1 என்று வென்றார்கள். அதற்கு முந்திய ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில், கோப்பையை வென்ற மேற்கு ஜெர்மனியையே ஓர் ஆட்டத்தில் தோற்கடித்த குழு அது. 1998 செப்டம்பரில், உலகக் கோப்பையை அப்போதுதான் கைப்பற்றியிருந்த பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தார்கள். 1996இல் டாலின் நகரில் எஸ்தோனியாவுக்கு எதிரான ஆட்டத்தில் இன்னொரு புதுமை நிகழ்ந்தது. ஆர்னோர் குட்யோன்சென் களத்தை விட்டு வெளியேற, அவருக்கு மாற்றாக உள்ளே வந்தவர் அவருடைய பதினேழு வயது மகன் எய்தூர்! ஆயினும் ஒரு பெரும் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு இக்குழு ஒருமுறையேனும் தகுதி பெறவில்லை. திறமை அங்கங்கே முளைத்தது. அதை விளைச்சலாக்கும் வேளாண்மை இல்லை.

குறை எது? முதலாவது, ஆடுகளம். ஆண்டில் நான்கைந்து மாதங்களே பந்து விளையாட முடிந்தது. எஞ்சிய மாதங்களில் கரடுமுரடான சரளை மண்ணில், குளிர்காற்றில், சிறுவர்கள் பழக வேண்டியிருந்தது. இதற்குத் தீர்வாகப் பெருங்கூரை வேய்ந்த முழு அளவு உள்ளரங்குகள் எழுந்தன. முதலாவது அரங்கு 2000ஆம் ஆண்டில் கெப்லவிக் நகரில் திறக்கப்பட்டது. பிற ஊர்களும் தொடர்ந்தன. ஊராட்சி மன்றங்கள் பொதுப் பணத்தில் அவற்றைக் கட்டின. அதோடு, பள்ளிக்கூடங்களை ஒட்டிச் செயற்கைப் புல்தரையுடன் கூடிய சிறு ஆடுகளங்கள் நூற்றுக்கு மேல் அமைக்கப்பட்டன. பாடம் முடிந்து வெளியே வரும் சிறுவனும் சிறுமியும் பத்து அடி நடந்தால் பந்து விளையாடலாம்.

இரண்டாவது குறை, ஆசிரியர் இன்மை. இங்குதான் இந்த வரலாற்றின் உயிர்நிலை இருப்பதாகக் கருதுகிறேன். ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் பயிற்சியாளர்களுக்குப் படிப்படியான சான்றிதழ்களை வழங்குகிறது. பல நாடுகளில் உயர்ந்த சான்றிதழ் பெற்றவர்கள் பெரிய குழுக்களுக்கே செல்வார்கள். சிறு குழந்தைகளை யாரேனும் ஒரு தந்தை ஓய்வு நேரத்தில் பழக்குவார். ஐஸ்லாந்து இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. 2002இல் கால்பந்துச் சங்கத்தின் கல்விப் பொறுப்பை ஏற்ற சிகுர்துர் ராக்னர் எயோல்ப்சன், பயிற்சியாளர் வகுப்புகளை நாட்டுக்குள்ளேயே பெருமளவில் நடத்தினார். கட்டணம் குறைவு, சேர்ந்தோர் பலர். பத்து, பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்நூறு பேருக்கு ஒரு பயிற்சியாளர் என்னும் அளவுக்கு அவர்கள் தொகை பெருகிற்று. பெரும்பாலோருக்கு வேறு தொழில் உண்டு. மாலையில் வந்து பழக்குவார்கள். ஆனால் அதற்கெனப் படித்தவர்கள். அதற்கு ஊதியமும் பெறுபவர்கள். ஆறு வயதுக் குழந்தைக்கும் இத்தகைய ஒருவரே பந்தைத் தொடக் கற்றுக் கொடுத்தார்.

ஆசிரியப் பயிற்சி பெற்று, வாழ்நாளின் பெரும்பகுதியைப் பள்ளியில் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கல்லூரி மாணவனுக்குக் கற்பிப்பதைவிட முதல் வகுப்புக் குழந்தைக்குக் கற்பிப்பது அரிது. தவறான முறையில் எழுதுகோலைப் பிடித்துப் பழகிய விரல்களைப் பின்னர்த் திருத்துவது எளிதன்று. காலுக்கும் அதுவே விதி. அடித்தளத்தில் சிறந்த ஆசிரியரை நிறுத்த வேண்டும் என்பது கல்வியாளர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கருத்து. அதை ஒரு நாடு முழுவதற்கும் விளையாட்டில் செய்து காட்டியது ஐஸ்லாந்து.

பயன் முதலில் யாரிடம் தெரிந்தது தெரியுமா? பெண்களிடம். 2009ஆம் ஆண்டின் ஐரோப்பியப் போட்டிக்கு ஐஸ்லாந்தின் மகளிர் குழு தகுதி பெற்றது. நாட்டின் முதன்மைக் குழுக்களில் இறுதிச் சுற்றைக் கண்ட முதற்குழு அதுவே. அதன் பயிற்சியாளர் முன்னர்ச் சொன்ன சிகுர்துர். அடுத்து இளைஞர்கள் எழுந்தார்கள். 2011இல் இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் போட்டி டென்மார்க்கில் நடந்தது. ஐஸ்லாந்து இளைஞர் அடுத்த சுற்றுக்குச் செல்லவில்லை என்றாலும், டென்மார்க் இளைஞரை அவர்களுடைய மண்ணிலேயே 3-1 என்று வென்றார்கள். பதினான்குக்கு இரண்டு என்ற கணக்குக்கு நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஒரு சிறு மறுமொழி கிடைத்தது.

அந்த இளைஞரே பின்னர் முதன்மைக் குழுவாயினர். 2012இல் உலகத் தரவரிசையில் ஐஸ்லாந்து 131ஆம் இடத்துக்கு இறங்கியிருந்தது. சுவீடன் நாட்டவரான லார்ஸ் லாகர்பெக் தலைமைப் பயிற்சியாளராகவும், பல் மருத்துவரான ஹெய்மிர் ஹால்கிரிம்சன் முதலில் துணைவராகவும் பின்னர் இணைத் தலைவராகவும் குழுவை நடத்தினார்கள். உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பெற்றிருந்த நெதர்லாந்தை இரு முறை வென்று, 2016ஆம் ஆண்டின் ஐரோப்பியப் போட்டிக்கு அவர்கள் தகுதி பெற்றார்கள். பிரான்சில் நடந்த அப்போட்டியில் போர்ச்சுகலோடும் ஹங்கேரியோடும் 1-1 என்று சமன் செய்தனர். ஆஸ்திரியாவை 2-1 என்று வென்றனர். அடுத்து ஜூன் 27ஆம் நாள் நீஸ் நகரில் இங்கிலாந்து எதிர்நின்றது. ஐந்து கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட நாடு. இவ்வாட்டத்தையே உலகுக்கு அளித்த நாடு. நான்காம் நிமிடத்தில் இங்கிலாந்து ஒரு கோல் அடித்தது. இரண்டே நிமிடங்களில் ராக்னர் சிகுர்ட்சன் ஈடு செய்தார். பதினெட்டாம் நிமிடத்தில் கோல்பெய்ன் சிக்தோர்சன் இரண்டாவது கோலை அடித்தார். எஞ்சிய எழுபது நிமிடங்களும் பதறாமல் காத்து நின்று வென்றார்கள். காலிறுதியில் பிரான்சிடம் 2-5 என்று தோற்றுத் திரும்பியபோது தலைநகரம் திரண்டு வந்து வரவேற்றது.

2017 அக்டோபரில் கொசோவோவை 2-0 என்று வென்று, ஐஸ்லாந்து உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றது. அதுவரை அத்தகுதி பெற்ற நாடுகளுள் மக்கள் தொகையில் மிகச் சிறியது அதுவே. 2025இல் குரசாவ் என்னும் கரிபியத் தீவு அந்தச் சிறப்பைத் தனதாக்கிக்கொண்டது. 2018இல் மாஸ்கோவில் அர்ஜென்டினாவோடு ஆடிய முதல் ஆட்டம் 1-1 என்று முடிந்தது. புகழ்பெற்ற மெஸ்ஸி அடித்த தண்டனை உதையைத் தடுத்த கோல் காவலர் ஹன்னெஸ் ஹால்டோர்சன், படங்கள் இயக்குவதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர். பின்னர் நைஜீரியாவிடமும் குரோவேஷியாவிடமும் தோற்று, முதற்சுற்றோடு வெளியேறினார்கள். அவ்வாண்டின் தொடக்கத்தில் தரவரிசையில் அவர்கள் எட்டிய 18ஆம் இடமே உச்சம்.

கதை இங்கு முடிந்தால் இனிதாக இருக்கும். ஆனால் வரலாறு நமக்கு இனிய இடத்தில் நிற்பதில்லை. 2020 நவம்பரில் புடாபெஸ்ட் நகரில் கடைசி நிமிடங்களில் ஹங்கேரியிடம் தோற்று, அடுத்த ஐரோப்பியப் போட்டியை இழந்தார்கள். 2021இல், வீரர் சிலர் மேல் எழுந்த கடுமையான குற்றச்சாட்டுகளைச் சங்கம் கையாண்ட முறை கண்டனத்துக்கு உள்ளாகி, ஆட்சிக்குழு முழுவதும் பதவி விலகியது. 2024 ஜூனில் இங்கிலாந்தை வெம்பிளி அரங்கிலேயே 1-0 என்று வென்றார்கள். ஆனால் அவ்வாண்டின் ஐரோப்பியப் போட்டிக்கும் 2026ஆம் ஆண்டின் உலகக் கோப்பைக்கும் தகுதி பெறவில்லை. இரு முறையும் வழிமறித்தது உக்ரைன்.

அப்படியானால் அரங்குகளாலும் ஆசிரியர்களாலும் பயன் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 2016இல் வென்றவர்களுள் பலர் முதல் அரங்கு எழுந்தபோதே பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள் என்பதையும் நினைக்க வேண்டும். முழுக்க முழுக்க அரங்குகளில் வளர்ந்த தலைமுறை இன்னும் அந்த உயரத்தை எட்டவில்லை. ஒரே காலத்தில் பல திறமையாளர் பிறந்து ஒன்றுகூடியது நற்பேறும் ஆகும். நல்ல கல்வி எல்லா ஆண்டும் முதன்மை மாணவனைத் தந்துவிடாது. ஆனால் திறமை எந்த வீட்டில் பிறந்தாலும், அது வீணாகாமல் காக்கும். மூன்றரை இலட்சம் மக்களைக் கொண்ட நாட்டில் ஒரு குழந்தையைக்கூட வீணாக்க முடியாது. பெரிய நாடுகள் அவ்வாறு வீணாக்குவது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

மாணவர்களே, வெற்றிப் பட்டியலை மட்டும் பார்த்து ஒரு குழுவை அளவிடாதீர்கள். 1967இன் தோல்வியை ஒரு பக்கமும் 2016இன் வெற்றியை மறுபக்கமும் வைத்து, இடையில் உள்ள நாற்பத்தொன்பது ஆண்டுகளைப் பாருங்கள். ஊராட்சி மன்றத்தில் அரங்குக்குப் பணம் ஒதுக்கியவர், மாலை வகுப்பில் சேர்ந்து சான்றிதழ் பெற்ற பள்ளி ஆசிரியர், இருண்ட மாரியில் சிறுமியை ஆடுகளத்துக்கு அழைத்துச் சென்ற தாய் ஆகியோரின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. நீஸ் நகரில் அன்று ஆடியவர் பதினொருவரும் மாற்று வீரரும். அந்த ஆட்டத்துக்கு உழைத்தவர்கள் இவர்களே.