வீட்டின் அமைப்பும் கிரயமும்

வெவ்வேறு அமைப்பில் கட்டப்பட்ட வீடுகளின் கிரயத்தைச் சதுர அடிக் கணக்கில் ஒப்பிடுவது சென்னை முதலிய நகரங்களில் வழக்கமாயினும், அந்த ஒரே தொகைக்குள் மனையின் மதிப்பும் கட்டடத்தின் மதிப்பும் கலந்து கிடப்பதால், அவற்றைப் பிரித்தறியாத ஒப்பீடு பிரயோஜனமற்றது.

இவற்றுள் பிரதானமானது மனை. 2400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் தனி வீடு கட்டியவருக்கு மனை முழுவதும் சொந்தம். அதே மனையில் சம அளவுள்ள 4 அடுக்குமாடி வீடுகள் எழுந்தால், ஒவ்வொருவர் பத்திரத்திலும் ஏறுவது 600 சதுர அடி பிரிபடாத பாகமே. கட்டடம் வருஷந்தோறும் தேய்மானம் அடைவது, மனையோ பெரும்பாலும் ஏறுமுகமானது. ஆதலால், புதிதில் ஒரே விலைக்குப் போன தனி வீடும் அடுக்கு வீடும் 30 ஆண்டு கழித்தும் ஒரே விலைக்குப் போவது அபூர்வம். பழைய அடுக்கு வீட்டை வாங்க வருபவர் சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்பே பிரிபடாத பாகம் எவ்வளவு என்று விசாரிப்பது முற்றிலும் நியாயமே.

அளவிலும் ஜாக்கிரதை வேண்டும். மாடிப்படி, லிஃப்ட், நடைவழி ஆகியவற்றின் பங்கையும் சேர்த்து 1200 சதுர அடி என்று சொல்லி, சதுர அடிக்கு 6000 ரூபாய் வீதம் 72 லட்சத்துக்கு விற்கப்படும் வீட்டில் புழங்கும் இடம் 900 சதுர அடியானால், மெய்யான விலை 8000 ரூபாய். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், வெளிச்சுவரையும் பால்கனியையும் நீக்கி, உட்சுவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் கார்ப்பெட் ஏரியாவை வரையறுத்திருப்பதால், அதையே பிரமாணமாகக் கொள்ளுதல் நலம்.

கட்டுமானச் செலவு வீட்டின் வடிவத்தையும் பொறுத்தது. 30 அடிச் சதுரமும், 15 அடி அகலமும் 60 அடி நீளமும் உள்ள செவ்வகமும் 900 சதுர அடியே எனினும், முன்னதன் சுற்றுச்சுவர் 120 அடி, பின்னதனுடையது 150 அடி. செங்கல்லும் பூச்சும் அதற்கேற்பக் கூடும். நடுவே முற்றம் வைத்தால் சுவர் இன்னும் நீளும். ஆயினும் அது தரும் காற்றும் வெளிச்சமும் எந்த விலைக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பது வருந்தத்தக்கது. மாடி எழுப்பினால் ஒரே அஸ்திவாரமும் ஒரே மேற்கூரையும் இரு தளங்களுக்கும் உதவும். மாடிப்படிக்குப் போகும் இடத்தை அதில் கழித்துக்கொள்ள வேண்டும். செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் நிமிர்த்தி அடுக்கி, சுவரின் உள்ளே வெற்றிடம் விடும் முறையைக் கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பினார். அவ்வாறு கட்டினால் ஏறத்தாழக் கால் பங்கு செங்கல் மிச்சமாவதோடு, வெப்பமும் எளிதில் உள்ளே இறங்காது.