விசைக் கருத்தின் வரலாறும் தமிழ்வழி இயக்கவியல் கற்றலும்

ஆய்வுச் சுருக்கம்

இயற்பியலைத் தொடக்க நிலையில் கற்கும் மாணவர்கள் விசை, இயக்கம் குறித்துக் கொண்டிருக்கும் கருத்துகள் பல, அறிவியல் வரலாற்றில் அறிஞர்கள் நெடுங்காலம் போற்றிய கருத்துகளை ஒத்தவை. எறியப்பட்ட பொருள் என்னும் ஒரே சிக்கலைக் கொண்டு அவ்வரலாற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது. தமிழில் வழங்கும் ‘விசை’ முதலிய சொற்களின் பொருட்பரப்பு கற்றலை எவ்வாறு பாதிக்கக்கூடும் என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: விசை, உந்தம், இயக்கவியல், கலைச்சொல், இயற்பியல் கற்பித்தல்

முன்னுரை

மேல்நோக்கி எறியப்பட்ட கல், கையை விட்டு நீங்கிய பின்னரும் மேலே செல்கிறது. அப்போது அதன்மீது செயல்படும் விசைகள் யாவை? காற்றின் தடையைப் புறக்கணித்தால் புவியீர்ப்பு விசை ஒன்றே என்பது இன்றைய இயற்பியலின் விடை. மாணவர் பலர், எறிந்த கை கொடுத்த விசை கல்லினுள் எஞ்சியிருப்பதாகவும், அது சிறிது சிறிதாகக் குறைந்து தீர்ந்தபின் கல் விழுவதாகவும் கருதுகின்றனர். இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின் இக்கருத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

அரிஸ்டாட்டில் முதல் பூரிதான் வரை

வலிந்து நிகழும் இயக்கம் தொடர வேண்டுமாயின் இயக்குவது ஒன்று பொருளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது அரிஸ்டாட்டிலின் (கி.மு. 384–322) கொள்கை. எறியப்பட்ட பொருளைச் சூழ்ந்த காற்றே அதனைத் தொடர்ந்து செலுத்துகிறது என்று அவர் விளக்கினார். 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த பிலோபோனஸ் இதனை மறுத்தார். எறிபவர் பொருளுக்கே இயக்கும் ஆற்றல் ஒன்றை ஊட்டுகிறார் என்பது அவர் கருத்து.

14ஆம் நூற்றாண்டில் பாரிசு நகர்ப் பல்கலைக்கழகத்தில் பயிற்றிய ழான் பூரிதான் இக்கருத்துக்குத் திட்டமான வடிவம் தந்தார். பம்பரமும் சாணைக்கல்லும் இடம்பெயராமலே நெடுநேரம் சுழல்கின்றன. அவற்றின் பின்னே காற்றுப் புகுந்து தள்ளுவதற்கு இடமில்லை. எனவே காற்று இயக்குகிறது என்பது பொருந்தாது என அவர் வாதிட்டார். பொருளினுள் பதியும் அவ்வாற்றலை ‘இம்பிடஸ்’ என்றழைத்தார். அது பொருளின் பருப்பொருள் அளவையும் வேகத்தையும் பொறுத்தது என்றும், தடை இல்லையேல் நிலைத்திருக்கும் என்றும் கூறினார். இன்றைய உந்தக் கருத்துக்கு இது மிக அண்மையது. எனினும், பூரிதானுக்கு அது இயக்கத்தை உண்டாக்கும் காரணம். நமக்கோ உந்தம் இயக்கத்தின் ஓர் அளவு. இவ்வேறுபாடு நோக்கத்தக்கது.

கலிலியோவும் நியூட்டனும்

கலிலியோ 1590ஐ ஒட்டிய ஆண்டுகளில் பீசா நகரில் எழுதிய இயக்கம் பற்றிய நூலில், மேலெறியப்பட்ட பொருளில் பதிந்த விசை படிப்படியாகக் குறைகிறது என்றும், அது பொருளின் எடைக்குச் சமமாகும் வரை பொருள் மேலேறுகிறது என்றும் விளக்கினார். இன்றைய மாணவர் தரும் விடையும் ஏறத்தாழ இதுவே. 1638இல் வெளிவந்த ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலிலோ, இயக்கத்தின் காரணத்தைத் தேடுவதை ஒருபுறம் நிறுத்தி, அதன் அளவை முறைப்படுத்தினார். சீராக முடுக்கமுறும் பொருள் ஓய்விலிருந்து கடக்கும் தொலைவு, காலத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைவதை நிறுவினார். ஒருவரே தம் வாழ்நாளில் இம்மாற்றத்திற்கு நீண்ட காலம் எடுத்துக்கொண்டார் என்பது ஆசிரியர்கள் நினைவிற்கொள்ளத்தக்கது.

1687இல் வெளியான ‘பிரின்சிப்பியா’வில் நியூட்டன், செலுத்தப்படும் விசை செயலில் மட்டுமே உள்ளது, செயல் முடிந்ததும் பொருளில் எஞ்சுவதில்லை என்று வரையறுத்தார். ஆயினும் அதற்கு முந்தைய வரையறையில், பொருளின் நிலைமப் பண்பை ‘உள்ளார்ந்த விசை’ என்றே குறித்தார். கருத்து மாறிய பின்னரும் பழைய சொல் உடன்வந்தது என்பதற்கு இது தக்க சான்று.

மாணவர் கருத்துகள் பற்றிய ஆய்வுகள்

1979இல் பிரான்சின் லாரன்ஸ் வியனோவும் 1982இல் அமெரிக்காவின் ஜான் கிளமெண்டும் வெளியிட்ட ஆய்வுகள், கல்லூரி மாணவரிடமும் இக்கருத்து வலுவாக இருப்பதைக் காட்டின. மேலே சுண்டப்பட்ட நாணயத்தின்மீது மேல்நோக்கிய விசை ஒன்று செயல்படுவதாகப் பொறியியல் மாணவர் பெரும்பாலோர் வரைந்ததைக் கிளமெண்ட் பதிவுசெய்தார். ஹெஸ்டனிஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹாமர் ஆகியோர் இத்தகைய கருத்துகளை அளவிடும் வினாத்தொகுப்பை 1992இல் உருவாக்கினர். 1998இல் ரிச்சர்டு ஹேக், 62 பாடவகுப்புகளைச் சேர்ந்த 6,542 மாணவரின் தரவுகளை ஆராய்ந்தார். தொடக்கத் தேர்வில் எட்டாதிருந்த மதிப்பெண்ணில், விரிவுரை வழி வகுப்புகள் சராசரியாக 0.23 பங்கையே எட்டின; மாணவர் கலந்துரையாடிச் செயல்படும் வகுப்புகள் 0.48 பங்கை எட்டின.

மாணவரை இடைக்கால அறிஞரின் நகல்களாகக் கருதுவதும் பிழையாகும். அவர்தம் எண்ணங்கள் முழுமையான கோட்பாடல்ல, சூழலுக்கேற்ப எழும் சிறுசிறு உள்ளுணர்வுக் கூறுகளே என்று அந்திரேயா டிசெசா 1993இல் வாதிட்டார். வரலாற்று ஒப்புமை வழிகாட்டுமேயன்றி, வகுப்பறை ஆய்வுக்கு மாற்றாகாது.

தமிழ்ச் சொற்களின் பொருட்பரப்பு

‘விசை’ என்னும் சொல் தமிழில் விரைவு, வேகம் என்னும் பொருள்களிலும் வழங்குவது. ‘பந்து விசையாக வந்தது’ என்னும் தொடரில் அது வேகத்தையே குறிக்கிறது. விசைத்தறி, விசைப்படகு என்பவற்றில் பொறியின் ஆற்றலைச் சுட்டுகிறது. துப்பாக்கியின் விசை ஓர் உறுப்பு. இத்தனை பொருளோடு வகுப்பறைக்கு வரும் மாணவர், வேகம் உள்ள பொருளில் விசையும் உண்டு எனக் கொள்வதில் வியப்பில்லை.

இலக்கண நோக்கும் இங்குப் பயன்படும். ஆறாம் வேற்றுமை கிழமைப் பொருளது. ‘கல்லின் நிறை’, ‘கல்லின் உந்தம்’ என்பன பொருந்தும். அவை கல்லைச் சார்ந்த அளவுகள். ‘கல்லின் விசை’ என்னும்போது விசையும் கல்லின் உடைமையாகிவிடுகிறது. ‘புவி கல்லின்மீது செலுத்தும் விசை’ என்று செலுத்துவதையும் ஏற்பதையும் சேர்த்துக் கூறும் தொடரே நியூட்டனின் கருத்தைக் காக்கிறது.

நாடுகளுக்கிடையேயான கலைச்சொல் வேறுபாடு மற்றொரு சிக்கல். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘நிறை’ என்பது பொருளின் பருப்பொருள் அளவு. அதன்மீதான ஈர்ப்பு விசை ‘எடை’. இலங்கைப் பாடநூல்களில் முன்னது ‘திணிவு’, பின்னதே ‘நிறை’. தமிழ்நாட்டில் ‘வேகம்’ திசை சாராதது, ‘திசைவேகம்’ திசை சார்ந்தது. இலங்கையில் இவை முறையே ‘கதி’, ‘வேகம்’ எனப்படுகின்றன. ‘முடுக்கம்’ அங்கு ‘ஆர்முடுகல்’. இரு மரபும் தத்தம் அளவில் ஒழுங்குடையவை. இரண்டையும் இணையத்தில் கலந்து படிக்கும் மாணவருக்கோ, ஒரே சொல் நேர்மாறான பொருள் தருகிறது.

முடிவுரை

எறிந்த கல்லில் ஏதோ எஞ்சுகிறது என்னும் மாணவரின் உணர்வு முற்றிலும் தவறன்று. எஞ்சுவது உந்தம், விசையன்று. வினாடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் மேலெறியப்பட்ட கல் 2 வினாடியில் உச்சியை அடைகிறது. அங்கு அதன் உந்தம் சுழியாகிறது. கீழ்நோக்கிய முடுக்கமோ அப்போதும் 9.8 மீட்டர்/வினாடி² ஆகவே உள்ளது. மாணவரின் கருத்தை அழித்து எழுதுவதைவிட, அதற்குரிய சரியான பெயரை அவருக்கு வழங்குவதே பயன் தரும்.

ஒவ்வொரு விசைக்கும் ‘எது, எதன்மீது செலுத்துகிறது?’ என்று கேட்கும் வழக்கத்தை வகுப்பில் ஏற்படுத்தலாம். பாடநூல்கள் ‘விசை’யின் அன்றாடப் பொருளை வெளிப்படையாகச் சுட்டி, அறிவியற் பொருளிலிருந்து பிரித்துக்காட்ட வேண்டும். தமிழ்நாடு, இலங்கை ஆகிய இரு மரபுகளின் சொற்களையும் இணைத்துத் தரும் ஒப்பீட்டுப் பட்டியல் பாடநூல்தோறும் இடம்பெறுதல் நலம். தமிழ்வழி மாணவரின் விடைகளைத் தொகுத்து, அவற்றில் சொல்லால் விளையும் பிழைகளையும் கருத்தால் விளையும் பிழைகளையும் வேறுபடுத்தி ஆராய்வது, மொழி ஆய்வாளரும் இயற்பியல் ஆசிரியரும் இணைந்து மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.